டீசல் காரில் 'செல்ஃப் எக்ஸைட்டிங்' ஆல்டர்னேட்டர் போட்டால் என்ன மாறும்?

நம்ம ஊர் மெக்கானிக்குகள் 'டைனமோ' என்று சொல்வது பெரும்பாலும் இந்த ஆல்டர்னேட்டரைத்தான்: என்ஜின் சுற்றும்போது மின்சாரம் தயாரித்து பேட்டரிக்கு சார்ஜ் ஏற்றும் கருவி. உள்ளே சுழலும் காந்தம் நிரந்தரக் காந்தம் இல்லை; கம்பிச்சுருளில் மின்சாரம் பாய்ந்தால்தான் காந்தமாகும். அந்த முதல் மின்சாரம் சாவியைத் திருப்பியதும் சிவப்பு பேட்டரி லைட் வழியாக வருகிறது. செல்ஃப் எக்ஸைட்டிங், அதாவது தானே தூண்டிக்கொள்ளும் வகைக்கு அது வேண்டாம். இரும்பில் மிச்சமிருக்கும் துளிக் காந்தத்தை வைத்தே தொடங்கிவிடும்.

அடிபம்பை நினைத்துக்கொள்ளுங்கள். சிலதில் ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றினால்தான் இழுக்கும். சிலதில் உள்ளே கொஞ்சம் தண்ணீர் நிற்கும். நாலு அடி வேகமாக அடித்தால் போதும்.

அந்த 'வேகமாக' என்பதில்தான் சிக்கல். ஆக்சிலரேட்டரை மிதிக்காதபோது டீசல் என்ஜின் மெதுவாகத்தான் சுற்றும். ஸ்டார்ட் செய்ததும் ஒருமுறை ஆக்சிலரேட்டரை மிதிக்காவிட்டால் சார்ஜ் ஏறாமலே நிற்கலாம். கடலூர் முதுநகரில் மாமாவின் பழைய வண்டிக்கு இப்படித்தான்: மல்டிமீட்டரில் 12.4 வோல்ட், ஒரு மிதி, உடனே 14.1. இன்னொன்று, பழைய டீசல் கார்கள் பலவற்றில் ஆர்.பி.எம். மீட்டருக்கு (என்ஜின் சுற்றும் வேகத்தைக் காட்டுவது) சிக்னல் ஆல்டர்னேட்டரின் 'டபிள்யூ' முனையிலிருந்து போகிறது. புதியதில் அந்த முனை இல்லாவிட்டால் முள் அசையாது. கடலூர் போலக் கடல் காற்று வீசும் ஊரில் பழைய ஒயர் முனைகளில் பச்சை பூத்திருந்தால் முதலில் அதைச் சுரண்டிப் பாருங்கள். ஆல்டர்னேட்டர் வாங்கும் செலவே மிச்சமாகலாம்.

'தானே தூண்டிக்கொள்ளும்' என்றால் பேட்டரி தேவையில்லை என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை: என்ஜினை ஸ்டார்ட் செய்யும் செல்ஃப் மோட்டார் சுற்ற பேட்டரி வேண்டும், என்ஜின் ஓடும்போது பேட்டரியைக் கழற்றினால் ஆல்டர்னேட்டருக்குள் இருக்கும் டயோடு (மின்சாரத்தை ஒரே திசையில் விடும் பாகம்) போய்விடலாம்.