பன்றித்தோலுக்குள் ஜெட் தெரியவில்லையா? எக்ஸ்-ரேக்கு மாறுங்கள்

தோலுக்குப் பதிலாக வைத்துச் சோதிக்கும் ஜெலட்டினில் பளிச்சென்று தெரிந்த ஊசியில்லா ஜெட்டை (ஊசி இல்லாமல் மருந்தைத் தோலுக்குள் செலுத்தும் அதிவேகத் திரவப் பீச்சு) பன்றித்தோலில் செலுத்தினால் கேமராவில் ஒன்றுமே தெரியவில்லை என்கிறீர்கள். கோளாறு கேமராவில் இல்லை. தோல் ஒளியைச் சிதறடிக்கிறது. நீலச் சாயம் உள்ளே போனதும் மறைந்துவிடும். எக்ஸ்-ரேயில் தெரியும் அயோடின் கலந்த திரவத்தைச் செலுத்தி, அதிவேக எக்ஸ்-ரேயில் படமெடுங்கள். ஜெட் நொடிக்கு 100 மீட்டருக்கு மேல் பாய்கிறது, நொடிக்கு 30 படம் போதாது. அந்தத் திரவம் தண்ணீரைவிடக் கெட்டி. வேகம் எவ்வளவு குறைகிறது என்று முதலில் காற்றில் அளந்துவிடுங்கள்.

அப்புறம், தோலை மட்டும் உரித்து வைக்காதீர்கள், கொழுப்பும் தசையும் ஒட்டிய துண்டாக இருக்கட்டும். திரவம் கொழுப்புக்குள் பரவி, தசையின் உறையில் முட்டிப் பக்கவாட்டில் விரிவதை அதில்தான் பார்ப்பீர்கள். ஒரே சீரான ஜெலட்டினில் அது வராது.

எக்ஸ்-ரே வசதி இல்லையா? சரி, சாயம் செலுத்திய கையோடு துண்டை உறையவைத்து நறுக்குங்கள். தாமதித்தால் சாயம் ஊறி ஓரங்கள் மங்கிவிடும்.