ஃப்ரிட்ஜ் கூலிங் இல்ல, சரி பண்றதா புதுசு வாங்குறதா?

சர்வீஸ் ஆளு வந்து "கம்ப்ரசர் போச்சு சார், எக்சேஞ்ச்ல போட்ருங்க"ன்னு சொல்லிட்டுப் போயிருப்பாப்ல, அதான இந்தக் கேள்வி? மொதல்ல ஃப்ரீசரத் திறந்து பாருங்க. டபுள் டோர் ஃப்ரிட்ஜா இருந்து, மேல ஐஸ் கெட்டியா நிக்குது, கீழ மட்டும் பால் திரியுதுன்னா கம்ப்ரசரும் குளிர வைக்கிற கேஸும் பெரும்பாலும் நல்லாத்தான் இருக்கும்.

எங்க வீட்ல இதேதான் ஆச்சு. செல்லூர்ல இருக்குறதால அழகர் ஆத்துல எறங்குறதப் பாக்க வர்ற சொந்தக்காரங்க பூராம் எங்க வீட்லதான் தங்குவாங்க, அந்த நேரம் பாத்து கீழ்தட்டுல வச்ச மாவு காலைல பொங்கி வழியுது. போன் பண்ணி ரெண்டு பேர் வந்தாய்ங்க, ஒரு ஸ்க்ரூவக் கழட்டல, பின்னாடி கைய வச்சுப் பாத்துட்டு கேஸ் லீக்குக்கா, ஏழாயிரம் ஆகும், கேரண்டி கெடயாதுன்னாய்ங்க. விசிட்டிங் சார்ஜ மட்டும் கரெக்டா வாங்கிக்கிட்டாய்ங்க. எங்க வீட்டுக்காரரு அங்கனயே இஎம்ஐ கணக்குப் போட ஆரம்பிச்சுட்டாரு. நாந்தான் விடல, கேஸ் இல்லாம மேல எப்பிடிங்க ஐஸ் கட்டும்? தெருமுனைல மோட்டாருக்குக் காயில் கட்டுற அண்ணேன் ஒரு மெக்கானிக்க அனுப்பி விட்டாரு, அவரு வந்து ஃப்ரீசருக்குள்ள பின்பக்க மூடியக் கழட்டுனா கூலிங் காயிலே தெரியாத அளவுக்கு ஐஸு. ஃப்ராஸ்ட் ஃப்ரீல, அதாவது ஐஸ் தானா உருகுற மாடல்ல, அத உருக்குறதுக்குன்னு ஒரு ஹீட்டர் இருக்கும், அது போயிருந்துச்சு, ஐஸ் அடைச்சுக்கிட்டு குளிர்காத்து கீழ எறங்கல, அம்புட்டுதேன். ஹீட்டரும், சூடு ஏறுனா அத நிறுத்துற பைமெட்டல் சுவிட்சும் மாத்தி கூலியோட ரெண்டாயிரத்துக்குள்ள முடிஞ்சுது, இன்னைக்கும் ஓடுது.

உடனே "பழைய ஃப்ரிட்ஜ் கரண்ட் திங்கும், அஞ்சு ஸ்டார் வாங்கு"ன்னு கெளம்பி வராதீங்க. எல்லாத்தையும் ஒட்டுப்போட்டு ஓட்டச் சொல்லல நானு. நெசமாவே ஃப்ரிட்ஜோட சுவருக்குள்ள போற பைப்புல லீக்குன்னா கேஸ் அடிச்சு மாளாது, விட்ருங்க. மத்த சாமானுக்கும் இதே கததான், சீலிங் ஃபேன் மெதுவாச் சுத்துனா 2.5 மைக்ரோஃபாரட் கப்பாசிட்டர் மாத்துனாலே பெரும்பாலும் சரியாயிரும், அதோட மோட்டார் காயிலே எரிஞ்சிருந்தா பிஎல்டிசி ஃபேனே வாங்கிக்கலாம், சாதா ஃபேன் 75 வாட் இழுக்குற எடத்துல அது 30 சொச்சம்தான் இழுக்கும். மிக்ஸி நின்னுச்சுன்னா ஆறவிட்டு அடில இருக்க செவப்பு பட்டன அமுக்கிப் பாத்துட்டு அப்பறம் கடைக்குத் தூக்குங்க.

கரண்ட்டுன்னதும் வயிறு எரியுது. ரெண்டு மாசத்துக்கு 100 யூனிட் இலவசம்னு 2016ல இருந்து இருக்கு, எங்களுக்கு எங்கிட்டு வருது? ஹவுஸ் ஓனரு சப் மீட்டரு வச்சு யூனிட்டுக்கு ஒம்பது ரூவா வாங்குறாரு, கேட்டா மோட்டார் ஓடுதுல்லம்மாங்கிறாரு. மோட்டார் ஓடுனா தண்ணி வரணும்ல? மாடி வீட்டுக்கு ஏறிட்டுதான் எங்களுக்கு வருது, அதுவும் கலங்கலா. பேசுனா வீட்டக் காலி பண்ணுங்கிறது, புது ஆளுக்கு வாடகைய ஏத்தி விடலாம்ல.

நீங்க வாடகையா சொந்த வீடான்னு போடல. ஃப்ரீசர்ல ஐஸ் நிக்குதா, யூனிட்டுக்கு என்ன குடுக்குறீங்கன்னு எழுதுங்க, ஸ்டார் கணக்க அதுக்கப்பறம் பாப்போம்.