மருந்து இலவசம்தான், ஆட்டோ?

அன்புள்ள ஐயா,

காசிமேட்டில் எங்கள் தெருப் பையன் ஒருவனுக்கு ரத்தப் புற்றுநோய். ஆறு வயது. அரசு மருத்துவமனையில் பார்க்கிறார்கள், காப்பீட்டு அட்டையும் இருக்கிறது. அவன் படம் போட்டுத் தெருமுனையில் ஃப்ளெக்ஸ் வைத்துப் பணம் திரட்டுகிறோம். "எல்லாம்தான் இலவசமாச்சே, எதுக்கு வசூல்?" என்று சிலர் கேட்கிறார்கள். என்ன பதில் சொல்வது?

ச., காசிமேடு

அன்புள்ள ச.,

கேட்டவர்கள் மேல் கோபப்படாதீர்கள், நானும் ஒருகாலத்தில் அப்படித்தான் நினைத்தேன். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை கிடைக்கிறது, பெரிய விஷயம். ஆனால் அதில் அப்பனின் கூலி வராது. பையனோடு அம்மா வார்டில் இருந்தால் மீன் கூடை வீட்டில் கவிழ்ந்து கிடக்கும். அப்பா கடலுக்குப் போனால் வெளியே மருந்துக்கும் ரத்தத்துக்கும் ஓட ஆளில்லை. ஏப்ரல் 15 முதல் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் வேறு. உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

வெளியூரிலிருந்து வரும் குடும்பங்களுக்கு இலவசமாகத் தங்க இடம் கொடுக்க செயின்ட் ஜூட் போன்ற அமைப்புகள் சென்னையில் இருக்கின்றன. காசிமேட்டுக்காரன் உள்ளூர்க்காரன் ஆயிற்றே! அவன் வீட்டிலிருந்துதான் போய் வர வேண்டும். கீமோவுக்குப் பிறகு, கிருமியை எதிர்க்கும் வெள்ளை அணு குறைந்திருக்கும் நாட்களில் காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டாலே அவசரம். விடியட்டும், பாரசிட்டமால் கொடுத்துப் பார்ப்போம் என்று இருக்க முடியாது. அது பெரும்பாலும் ராத்திரி இரண்டு மணிக்குத்தான் தொடும் என்பார்கள் அம்மாக்கள். அந்த நேரத்தில் கூப்பிட்டால் வாடகை பேசாமல் வண்டியை எடுக்கிற ஓர் ஆட்டோக்காரர் உங்கள் தெருவில் இருந்தால், பாதி நன்கொடை வந்துவிட்டது என்று வையுங்கள்.

என் நண்பரின் மகள் வார்டில் இருந்தபோது பெருமையாக ஒரு கிலோ திராட்சை வாங்கிப் போனேன். அவர் மனைவி வாசலிலேயே நிறுத்தி, "கவுண்ட் இல்லண்ணா, உள்ள வேணாம்" என்றார். கவுண்ட் என்றால் அந்த வெள்ளை அணுக் கணக்குதான். திராட்சையை நானே பஸ்ஸில் தின்றுகொண்டு வந்தேன். மறுநாள் அவர்கள் மூத்த பையனை எங்கள் வீட்டில் சாப்பிட வைத்து டியூஷனுக்கு அனுப்பினோம். உருப்படியாகச் செய்தது அது ஒன்றுதான்.

பையனுக்கு என்ன வகை என்று நீங்கள் எழுதவில்லை. குழந்தைகளுக்கு அதிகம் வரும் ஏ.எல்.எல். என்றால் சிகிச்சை இரண்டு, இரண்டரை வருடம் போகும். முதல் சில மாதம் கடுமை. எல்லோரும் வருவார்கள், கொடுப்பார்கள். பிறகு முடி முளைக்கும், முகம் தெளியும், வீட்டிலேயே மாத்திரை. தெரு மறந்துவிடும். குடும்பத்துக்கும் கடன் ஏறி, "நல்லாத்தானே இருக்கான்" என்று மருந்தை நிறுத்தத் தோன்றும் நேரமும் அதுதான். நோய் திரும்பினால் முதல்முறை போல எளிதாக மடங்காது. எனவே திரண்ட பணத்தை மொத்தமாகக் கையில் கொடுக்காதீர்கள். முப்பது மாதத்துக்குப் பிரியுங்கள். மாதம் ஆயிரம் ரூபாய் வந்தாலும் போக்குவரத்துக்கு ஆகும். அதைக் கொடுக்கப் போகிற ஆள், அந்த மாத்திரைச் சீட்டையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு வரலாம்.

ஃப்ளெக்ஸை இறக்கிவிடுங்கள். மொட்டைத் தலையோடு தன் படம் தொங்கிய தெருமுனை வழியாகத்தான் அவன் மூன்றாம் வகுப்புக்குப் போக வேண்டியிருக்கும்.

கடைசியாக, ரத்தம். ரத்தக்கசிவை நிறுத்தும் பிளேட்லெட் அணுவை எடுத்து வைத்தால் 5 நாளுக்கு மேல் தாங்காது. உங்கள் மன்றத்துப் பையன்கள் முப்பது பேரும் ஒரே நாளில் போய் நிற்பதில் பயனில்லை. ரத்தப் பிரிவோடு ஒரு பட்டியல் எழுதி அம்மாவிடம் கொடுங்கள். கூப்பிடும்போது இரண்டு பேர் போனால் போதும். முந்தின ராத்திரி குடிக்காதவர்களாகப் பார்த்து அனுப்புங்கள்.