சி டிரைவ் நிறைந்துவிட்டதா? கேள்வி பதில்

தலவாக்கலை: அண்ணே, வீட்டுக் கம்ப்யூட்டரில் சி டிரைவ் சிவப்பாகிவிட்டது. டி டிரைவ் சும்மா கிடக்கிறது. எதை அழிப்பது?

பதில்: தங்கச்சி, இப்போதைக்கு எதையும் அழிக்க வேண்டாம். பழைய கம்ப்யூட்டர்களில் ஒரே ஹாட் டிஸ்க்கை இரண்டாகப் பிரித்து, சி-க்குக் கொஞ்சமாகக் கொடுத்திருப்பார்கள். டெஸ்க்டொப், டவுன்லோட்ஸ், பிக்சர்ஸ் மூன்றும் சி-யில்தான் இருக்கின்றன. கல்யாண வீடியோவை டெஸ்க்டொப்பில் போட்டால் நிறைவது சி. டி-யில் புதிதாக ஒரு ஃபோல்டர் போடுங்கள். பிறகு டவுன்லோட்ஸில் ரைட் கிளிக், ப்ராப்பர்ட்டீஸ், லொகேஷன், மூவ் என்று போய் அந்த ஃபோல்டரைக் காட்டுங்கள். வெறும் டி டிரைவைக் காட்டிவிட்டால் டிரைவ் முழுவதுமே டவுன்லோட்ஸ் ஆகிவிடும், திருப்புவது பெரும்பாடு. வீடியோஸுக்கும் பிக்சர்ஸுக்கும் இதே வழிதான்.

இதற்கெல்லாம் முன்னால் போட்டோக்களை வெளியே இன்னொரு டிஸ்க்கில் நகல் எடுங்கள். டி-யில் வைத்தால் அது நகல் ஆகாது. சி-யும் டி-யும் ஒரே டிஸ்க், போனால் சேர்ந்தே போகும். ஏப்ரல் மாத இடிமின்னலுக்கு இரண்டும் ஒன்றுதான்.

ஹட்டன்: விண்டோஸ் ஓல்ட் என்று பெரிய ஃபோல்டர் ஒன்று இருக்கிறது. எடுக்கலாமா?

பதில்: எடுக்கலாம், பழைய விண்டோஸின் மிச்சம் அது. விண்டோஸிலேயே இருக்கும் டிஸ்க் கிளீனப்பில் 'கிளீன் அப் சிஸ்டம் ஃபைல்ஸ்' அழுத்தி, 'ப்ரீவியஸ் விண்டோஸ் இன்ஸ்டாலேஷன்ஸ்' என்பதை டிக் செய்யுங்கள். அப்புறம் பழைய விண்டோஸுக்குத் திரும்ப முடியாது. சில விண்டோஸ் 10 பதிப்புகளில் அதே பட்டியலில் 'டவுன்லோட்ஸ்' என்றும் ஒரு கட்டம் இருக்கும். அதில் டிக் இருந்தால் அந்த டிக்கை எடுத்துவிடுங்கள், இல்லையென்றால் டவுன்லோட்ஸில் உள்ளதும் அழிந்துவிடும்.

பண்டாரவளை: வின்எஸ்எக்ஸ்எஸ் ஃபோல்டர்?

பதில்: விண்டோஸ் தன் பாகங்களை வைத்திருக்கும் இடம் அது, கை வைக்காதீர்கள். விண்டோஸ் ஃபோல்டருக்குள் எதையுமே கையால் அழிக்காதீர்கள்.

நுவரெலியா: டிஃப்ராக் செய்தால் இடம் கூடுமா?

பதில்: இடம் அதிகமாகாது. டிஸ்க்கில் சிதறிக் கிடக்கும் கோப்புகளை ஒழுங்காக அடுக்கும், அவ்வளவுதான்.

பத்தனை: ஹைபர்ஃபில் என்ற கோப்பு மட்டும் 3 ஜீபி. அழிக்க விடமாட்டேன் என்கிறது.

பதில்: ஹைபர்நேட்டுக்காக, அதாவது திறந்திருக்கும் வேலையை டிஸ்க்கில் எழுதிவைத்துவிட்டு அணைவதற்காக, விண்டோஸ் ஒதுக்கிய இடம் அது. கமாண்ட் பிராம்ப்டில் ஹைபர்நேட்டை ஆஃப் செய்தால் கோப்பும் போய்விடும்.

மஸ்கெலியா: தம்பி, அப்படிச் சொல்லாதீர்கள். மழைக்காலத்தில் கரண்ட் போய்ப் போய் வருகிற ஊர் எங்களுடையது. செய்த வேலையைக் காப்பாற்றுவதே அதுதான்.

பதில்: ஐயா, லேப்டொப்பில் நீங்கள் சொல்வது சரி. பேட்டரி இறங்கும்போது திறந்திருப்பதை டிஸ்க்கில் எழுதிவிட்டு அணையும். யூபிஎஸ் இல்லாத டெஸ்க்டொப்பில் கரண்ட் போன கையோடு மெஷினும் அணைந்துவிடும், எழுத நேரமே இல்லை.

மஸ்கெலியா: ஸ்லீப்பில் போட்டிருந்தால்?

பதில்: நல்ல கேள்வி. ஹைபிரிட் ஸ்லீப் ஆனில் இருந்தால், ஸ்லீப்புக்குப் போகும்போதே டிஸ்க்கிலும் எழுதிவைக்கும். கரண்ட் போனாலும் விட்ட இடத்துக்கு வரலாம். அந்தப் பழக்கம் உள்ளவர்கள் கோப்பை விட்டுவையுங்கள், ஐயா சொல்வதே சரி. தினமும் ஷட் டவுன் செய்கிறவர்கள் எடுக்கலாம், ஆன் ஆவது மட்டும் கொஞ்சம் மெதுவாகும்.

பதுளை: எங்களுக்கும் சி டிரைவ் சிவப்பு. எதை அழிப்பது?

பதில்: தலவாக்கலைக்குச் சொன்னதைப் படியுங்கள். முதலில் நகல்.

கினிகத்தேனை: டி-யை டிலீட் செய்து சி-யோடு சேர்த்துவிட்டால் என்ன?

பதில்: டி-யில் உள்ளது அத்தனையும் போய்விடும். நகல் இருக்கிறதா? இல்லையென்றால் வேண்டாம்.

ராகலை: டிஸ்க்கிலிருந்து டக் டக் என்று சத்தம். இடம் காலி செய்தால் நிற்குமா?

பதில்: நிற்காது. டிஸ்க் போகப்போகிறது. கிளீனப், டிஃப்ராக் எதுவும் ஓட்டாதீர்கள். மெஷினை அணைத்துவிட்டு, வெளி டிஸ்க் ஒன்று கைக்கு வந்ததும் ஆன் செய்து பிள்ளைகளின் போட்டோக்களை முதலில் எடுங்கள், மற்றதெல்லாம் பிறகு.