மேட்டுப் பைன் ஏன் வளரவில்லை?

கேள்வி: கொடைக்கானல் மேல்மலையில், மன்னவனூர் பக்கம் எங்கள் பட்டா நிலத்தில் 5 வருடத்துக்கு முன் பட்டுலா பைன் வைத்தோம். உருளையும் பூண்டும் போட்டுவந்த கீழ்ப்பகுதியில் மரம் ஆளைத் தாண்டிவிட்டது. மேல் சரிவில் இடுப்பளவுதான். ஊசியிலை குட்டை, சிலவற்றில் நுனிக்குருத்தே காய்கிறது. யூரியா வைக்கலாமா?

பதில்: யூரியா மூட்டையை இப்போதைக்குப் பிரிக்காதீர்கள் ஐயா. யூரியா தருவது தழைச்சத்து (நைட்ரஜன்). அது குறைந்தால் மரம் முழுக்க வெளுத்துப்போகும். நீங்கள் அப்படிச் சொல்லவில்லை.

கீழே மரம் செழிப்பது, உருளைக்கு வருடக்கணக்கில் போட்ட உரத்தின் மிச்சத்தால்தான். அதிலுள்ள மணிச்சத்து (பாஸ்பரஸ்) சீக்கிரம் கரைந்து ஓடாது. மேல் சரிவில் மேல்மண் மழையில் அடித்துப்போய் அடிமண் தெரிகிறதா பாருங்கள். நம் மலையின் புளிப்பு மண்ணில் இரும்பும் அலுமினியமும் மணிச்சத்தைப் பிடித்துக்கொள்ளும், வேருக்கு விடாது. பட்டுலாவின் ஊசி ஒரு சாண் நீளம் தொங்க வேண்டும். அது குட்டையாகி மரமும் நின்றுபோனால் முதல் சந்தேகம் மணிச்சத்துமேல்தான். குருத்து காய்வது பெரும்பாலும் போரான் என்ற நுண்சத்தின் குறை. உறைபனியிலும் கருகும், ஆனால் பனி பள்ளத்தில்தான் தங்கும். உங்களுக்கு மேட்டில் அல்லவா காய்கிறது!

அப்புறம், மேல் சரிவில் ஒரு மரத்தடியைக் கிளறிச் சின்ன வேரை எடுத்துப் பாருங்கள். நுனி கவட்டைபோல இரண்டாகப் பிரிந்து, மேலே மெல்லிய பூஞ்சை நூல் படர்ந்திருந்தால் நல்லது. இந்த வேர்ப்பூசணம் இல்லாவிட்டால் மண்ணில் சத்து இருந்தும் பைன் திணறும். காணவில்லையா? கீழே செழித்த மரத்தடியிலிருந்து மக்கிய சருகோடு இரண்டு கை மண் எடுத்துவந்து வேரோரம் போட்டு மூடுங்கள்.

உரத்தை முதலில் பத்து மரத்தில் மட்டும் வைத்துப் பாருங்கள். மண் ஈரமாக இருக்கும்போது மணிச்சத்துக்காக மரத்துக்கு 100 கிராம் ராக் பாஸ்பேட்டை, தண்டிலிருந்து ஒன்றரை அடி தள்ளி, மேட்டுப் பக்கம் அரைவட்டமாகக் கீறிப் போட்டு மூடுங்கள். போரானுக்குப் போராக்ஸ் 10 கிராம் போதும், பரவலாகத் தூவுங்கள். கூடினால் ஊசி நுனி கருகிவிடும். உருளைக்குப் போட்ட பழக்கத்தில் சுண்ணாம்பு மட்டும் போட்டுவிடாதீர்கள். பைனுக்குப் புளிப்பு மண்தான் ஒத்துவரும். சுண்ணாம்பு போரானையும் எட்டாமல் செய்துவிடும்.

இதற்கிடையே இரண்டு பகுதி மண்ணையும் தனித்தனியாகப் பரிசோதனைக்குக் கொடுங்கள். கலந்துவிட்டால் வித்தியாசம் தெரியாது.

சருகை யார் கேட்டாலும் அள்ள விடாதீர்கள். உதிர்ந்த ஊசி மக்கித்தான் சத்து திரும்ப மண்ணுக்குப் போகிறது; மேல் சரிவுக்குச் சத்து வர வேறு வழியே இல்லை. தீக்குப் பயந்தால் எல்லையோரம் மட்டும் அகலமாகச் சுத்தம் செய்து வையுங்கள், வெயில் ஏறும் மாசிக்கு முன்பே.