பெயர் லைசென்ஸ், சாவி யாரிடம்?

கேள்வி: நியூயார்க் மாநிலத்தில் ஒரு சிறிய நகரத்தில் இருக்கிறோம். நகரப் பூங்காக் குழுவில் என்னையும் உறுப்பினராகப் போட்டிருக்கிறார்கள். நகரத்துக்குச் சொந்தமான 18 ஹோல் கோல்ஃப் மைதானம் வருடா வருடம் நஷ்டம். அதை ஒரு வெளி நிறுவனத்திடம் 15 வருடத்துக்குக் கொடுக்கப் பேச்சு நடக்கிறது. முதல் மூன்று வருடம் நகரத்துக்கு ஒன்றும் கிடையாது, அப்புறம் வசூலில் பங்கு. நிறுவனத்தின் தவறு நிரூபணமானால் மட்டுமே நகரம் விலக முடியும். வரைவின் தலைப்பு ‘லைசென்ஸ் ஒப்பந்தம்’. சொட்டுநீர்க் குழாய், ஸ்பிரிங்க்ளர் வேலைக்காகச் சில வருடம் முன்பு நகரம் பாண்ட் வெளியிட்டுக் கடன் வாங்கியது. நான் எதைக் கவனிக்க வேண்டும்?

பதில்: முதலில் அந்தத் தலைப்பை மறந்துவிடுங்கள். லைசென்ஸ் என்று எழுதியிருப்பதாலேயே அது லைசென்ஸ் ஆகிவிடாது.

உங்கள் மாநிலத்தில் பூங்கா நிலம் மக்களுக்காக நகரம் காத்து வைத்திருக்கும் சொத்து. மாநிலச் சட்டமன்றத்தின் ஒப்புதல் இல்லாமல் அதைத் தனியாருக்குக் குத்தகைக்கு விட முடியாது. லைசென்ஸ், அதாவது கட்டுப்பாட்டை நகரமே வைத்துக்கொண்டு தரும் பயன்பாட்டு அனுமதி, கொடுக்கலாம், அதுவும் பூங்காவுக்கு ஏற்ற பயன்பாடாக இருந்தால். கோல்ஃப் அந்தக் கணக்கில் வரும். ஆகவே எல்லாரும் லைசென்ஸ் என்று எழுதிவிடுகிறார்கள். 1964-இல் மில்லர் வழக்கில் மாட்டியதும் இதேதான்: நியூயார்க் நகரப் பூங்காவில் கோல்ஃப் பயிற்சித் திடல் நடத்த ஒரு ஒப்பந்தம், பெயர் லைசென்ஸ். இடத்தை முழுசாகத் தூக்கிக் கொடுத்திருக்கிறீர்கள், இது குத்தகை என்று மாநில உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதே நீதிமன்றம் 2014-இல் நியூயார்க் நகரத்தின் யூனியன் ஸ்கொயர் பூங்கா உணவக வழக்கில், இது லைசென்ஸ்தான் என்று நகரத்தின் பக்கம் நின்றது. திறக்கும் நேரம், விலைப் பட்டியல் வரை நகரத்தின் கையில் இருந்தது; முன்னறிவிப்பு கொடுத்து நகரம் விலகவும் முடிந்தது.

இப்போது உங்கள் வரைவைப் பாருங்கள். 15 வருடம், தவறு நிரூபணமானால்தான் விலகலாம். எனக்கு இது குத்தகையாகத்தான் தெரிகிறது. கிரீன் கட்டணத்தை, அதாவது விளையாட வாங்கும் கட்டணத்தை, யார் முடிவு செய்வது, உள்ளூர்க்காரர்களுக்குச் சலுகை உண்டா, குளிர்காலத்தில் பிள்ளைகள் சறுக்கி விளையாட வரலாமா என்பவை நகரத்தின் கையில் இருக்கிறதா என்று வரிவரியாகத் தேடுங்கள். நிலம் பூங்காவாக முறைப்படி ஒதுக்கப்பட்டதா என்பதையும் பழைய பத்திரத்தில் பாருங்கள். தாளில் ஒதுக்காமலே, பல வருடம் பூங்காவாகப் பயன்பட்டதை வைத்தும் நீதிமன்றம் அப்படி முடிவு செய்வதுண்டு.

அடுத்து அந்தப் பாண்ட். இதைத்தான் நிறைய கவுன்சில்கள் கடைசி வாரத்தில் கண்டுபிடிக்கின்றன. அது வரிவிலக்குள்ள பாண்ட் என்றால், அந்தப் பணத்தில் செய்த குழாயைத் தனியார் தொழிலுக்குக் கொடுக்க வரம்பு உண்டு. குத்தகை அந்த வரம்பைத் தாண்டக்கூடும். நிர்வாக ஒப்பந்தம், அதாவது நகரத்துக்காக மைதானத்தை நடத்தச் சம்பளம் கொடுக்கும் ஏற்பாடு, என்றால், அமெரிக்க வருமான வரித்துறை 2017-இல் வெளியிட்ட விதிமுறைக்குள் பாதுகாப்பாக இருக்கலாம். ஆனால் அதன்படி நிர்வகிப்பவரின் சம்பளம் நிகர லாபத்தில் பங்காக இருக்கக் கூடாது. நஷ்டத்தையும் அவர் தலையில் கட்டக் கூடாது. உங்கள் கவுன்சில் ஆசைப்படுவதோ நஷ்டத்தைத் தள்ளிவிடத்தான்! கடன் எவ்வளவு பாக்கி என்று கேட்டு, பாண்ட் வழக்கறிஞரின் கருத்தை எழுத்தில் வாங்காமல் ஓட்டுப் போடாதீர்கள்.

மூன்றாவது, கடமைகளை எழுதும் விதம். நியூயார்க் நகரத்தின் பிராங்ஸ் பகுதியில் உள்ள ஃபெர்ரி பாயிண்ட் கோல்ஃப் மைதானம் நல்ல பாடம். குப்பைமேட்டின் மேல் 12 கோடி டாலருக்கு மேல் செலவழித்து நகரம் கட்டியது. 20 வருட லைசென்ஸில் டிரம்ப் நிறுவனத்திடம் கொடுத்தது. மைதானம் 2015-இல் திறந்தது. அங்கேயும் முதல் நான்கு வருடம் நகரத்துக்குக் கட்டணம் இல்லை. 2021 ஜனவரியில், டிரம்ப் ஆதரவாளர்கள் அமெரிக்க நாடாளுமன்றக் கட்டடத்தில் செய்த கலவரத்துக்குப் பின், பிஜிஏ என்ற தொழில்முறை கோல்ஃப் சங்கம் தன் 2022 போட்டியை நியூஜெர்சியில் உள்ள டிரம்ப் மைதானத்திலிருந்து எடுத்துக்கொண்டது. இனி உங்களால் பெரிய போட்டிகளைக் கொண்டுவர முடியாது, ஒப்பந்தத்தை மீறிவிட்டீர்கள் என்று நகரம் ரத்து செய்தது. 2022 ஏப்ரலில் நீதிமன்றம் அந்த ரத்தைத் தள்ளுபடி செய்தது. ‘போட்டி நடத்தும் தரமுள்ள’ மைதானமாக வைத்திருக்க வேண்டும் என்றுதான் ஒப்பந்தத்தில் இருந்தது. போட்டியைக் கொண்டுவர வேண்டும் என்று எங்கும் இல்லை. அடுத்த வருடம் பாலீஸ் என்ற சூதாட்ட நிறுவனம் 6 கோடி டாலர் கொடுத்து அந்த உரிமையை டிரம்ப் நிறுவனத்திடமிருந்து வாங்கிக்கொண்டது. அரசியலில் உங்களுக்கு யாரைப் பிடித்தாலும் சரி, அங்கே ஜெயித்தது எழுத்து.

அதனால் ‘நல்ல நிலையில் பராமரிக்க வேண்டும்’ என்ற வரியை அடித்துவிட்டு, கிரீனில், அதாவது குழியைச் சுற்றிய புல்தரையில், புல் எத்தனை மில்லிமீட்டர், வாரத்தில் எத்தனை நாள் வெட்டு, பங்கர் என்ற மணல் பள்ளங்களின் மணலை எப்போது மாற்றுவது, எந்தத் தேதிக்குள் எவ்வளவு முதலீடு என்று எழுதச் சொல்லுங்கள். தவறினால் எத்தனை நாள் அவகாசம் என்பதும் வேண்டும். வசூலில் பங்கு என்றால் எந்த வசூல்? கார்ட் வாடகை, பீர், கல்யாண வரவேற்பு எல்லாம் சேர்ந்ததா என்று தெளிவாக இருக்கட்டும். கணக்கைத் தணிக்கை செய்யும் உரிமை நகரத்துக்கு இருக்கட்டும்.

பிரிவுநாளையும் இப்போதே எழுதிவிட வேண்டும். நான் பார்த்த ஒரு ஊரில் நிறுவனம் கடைசி நாள் சாவியை ஒழுங்காகக் கொடுத்துவிட்டுப் போனது. மறுநாள் காலை கவுண்டரில் கம்ப்யூட்டரைத் திறந்தால் ஒரு டீ டைம் (ஆட்டம் தொடங்கும் நேரம்) முன்பதிவும் இல்லை, சீசன் பாஸ்காரர்களின் பெயர்ப் பட்டியலும் இல்லை. மென்பொருள் வெளியேறிய அந்த நிறுவனத்தின் பெயரில் இருந்தது, தரவும் அதனுடன் போயிற்று. அந்தக் கோடை முழுக்க ஊர்க்காரர்கள் பழைய ரசீதைக் கையில் வைத்துக்கொண்டு வந்து நின்றார்கள்.

இன்னொன்று, புல் வெட்டுபவர்கள் யூனியனில் உள்ள நகர ஊழியர்களா? அப்படியானால் அவர்கள் வேலையை வெளியில் கொடுக்குமுன் அரசு ஊழியர் யூனியன்களுக்கான உங்கள் மாநிலத்தின் டெய்லர் சட்டப்படி யூனியனோடு பேச வேண்டி வரலாம். மேலும், உங்களுக்கோ உங்கள் வீட்டாருக்கோ ஏலம் கேட்கும் நிறுவனத்தில் ஏதாவது தொடர்பு இருந்தால் முதல் கூட்டத்திலேயே எழுத்தில் சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொள்ளுங்கள்.

அடுத்த கூட்டத்துக்கு முன் நகர எழுத்தரிடம் நிலப் பத்திரம், பாண்ட் ஆவணம், யூனியன் ஒப்பந்தம் மூன்றின் நகலையும் கேளுங்கள். அவை வந்தபின் வரைவோடு அனுப்பினால், எந்தப் பிரிவை எப்படி மாற்றுவது என்று குறித்துத் தருகிறேன்.