ஓப்பன் டேயில் மகள் பேசட்டும், தம்பி

தம்பி, சேலம் கோட்டை மாரியம்மன் ஆடித் திருவிழாவுக்கு ஊருக்கு வந்திருக்கிறேன். செவ்வாய்ப்பேட்டையில் அக்கா வீட்டு மாடியில் உட்கார்ந்து எழுதுகிறேன், கீழே ஒரே மேளச் சத்தம், முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் கேட்டது இதுதானே: ஏற்காட்டிலிருந்து இங்கிலாந்து போய் ஒரு வருஷம், மகள் செப்டம்பரில் பதின்மூன்றாம் வகுப்பு, அதாவது அங்கே பள்ளியின் கடைசி வருஷம், பல்கலைக்கழக ஓப்பன் டேக்கு, சேர நினைப்பவர்கள் நேரில் வந்து பார்க்கும் நாளுக்கு, போய்ப் பாருங்கள் என்று பள்ளியில் சொல்கிறார்கள், ரயில் டிக்கெட் விலையோ தலை சுற்றுகிறது, வெப்சைட்டில் பார்த்தால் போதாதா?

போதாது, போங்கள். ஆனால் முதலில் ஃபீஸ் விஷயம். உங்கள் வேலை விசாவில் கூட வந்த பிள்ளைக்கு வழக்கமாக உள்ளூர்க் கட்டணம் கிடைக்காது. அதற்கு நிரந்தரமாகத் தங்கும் உரிமையும் வேண்டும், படிப்பு தொடங்கும் முன் மூன்று வருஷம் அந்த நாட்டில் வசித்திருக்கவும் வேண்டும். உள்ளூர்ப் பிள்ளைகளுக்கு 2025-26இல் வருஷத்துக்கு 9,535 பவுண்டுதான் உச்சம். வெளிநாட்டுக் கட்டணம் பல படிப்புகளுக்கு அதில் இரண்டு மடங்கைத் தாண்டும், அரசு கல்விக் கடனும் வராது. யாருக்கு எந்தக் கட்டணம் என்று பல்கலைக்கழகம்தான் முடிவு செய்யும், அதனால் மெயில் போட்டுப் பதிலை எழுத்தில் வாங்கிவிடுங்கள். தெரிந்தவர் சொன்னார் என்று நம்பாதீர்கள், என்னையும் சேர்த்துத்தான்.

இப்போது என் கதை. பெரியவனைக் கூட்டிக்கொண்டு முதல் ஓப்பன் டே போனோம். கலர் டீ-சர்ட் போட்ட ஒரு மாணவி அவனிடம், என்ன படிக்க ஆசை என்று கேட்டாள். அவன் வாயைத் திறப்பதற்குள் நான் பதில் சொல்லிவிட்டேன். அப்புறம் ஹாஸ்டல், ரேங்க், வேலை கிடைக்குமா எல்லாம் நானே கேட்டேன். அந்தப் பெண் பொறுமையாகக் கேட்டுவிட்டு, திரும்பவும் அவன் பக்கம் திரும்பி அதே கேள்வியைக் கேட்டாள். அவன் ஷூவைப் பார்த்துக்கொண்டு நின்றான். ரயிலில் பாதி தூரம் வந்த பிறகுதான், "எனக்கும் ஒண்ணு கேக்கணும்னு இருந்துச்சும்மா" என்றான். அடுத்த இடத்தில் நான் கேன்டீனில் டீயோடு உட்கார்ந்துவிட்டேன். தனியாகப் போய் வந்தவன், அத்தனை நாள் ஆசைப்பட்ட படிப்பையே லிஸ்டிலிருந்து அடித்துவிட்டான். லேப் வேலை ரொம்பக் குறைவாம். அதை எந்த வெப்சைட்டைப் பார்த்து நான் கண்டுபிடித்திருப்பேன்?

நம் ஊரில் 200க்கு கட்-ஆஃப் எவ்வளவு என்பதோடு பேச்சு முடிந்துவிடும். அங்கே எல்லாப் பல்கலைக்கழகத்துக்கும் பொதுவாக விண்ணப்பம் வாங்கும் யூகாஸ் வழியாக ஐந்து இடங்கள் வரை போடலாம், ஆசிரியர்கள் கணித்துத் தரும் கிரேடும் உங்கள் மகள் தன்னைப் பற்றி எழுதுவதும் சேர்ந்து போகும். 2026 சேர்க்கையிலிருந்து அந்த எழுத்து மூன்று கேள்விகளாகிவிட்டது: ஏன் இந்தப் பாடம், படித்த படிப்பு எப்படித் தயார் செய்தது, வகுப்புக்கு வெளியே வேறென்ன செய்தாய். மூன்றும் சேர்த்து 4,000 எழுத்துகள், இடைவெளியும் கணக்கில் உண்டு, ஐந்து இடத்துக்கும் அதே பதில்தான் போகும். முதல் கேள்விக்கு அவள் வாயிலேயே பதில் இல்லையென்றால் நீங்கள் எழுதிக் கொடுத்தாலும் ஒட்டாது. மருத்துவம், ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் என்றால் அக்டோபர் 15 கடைசி நாள், மற்றதற்கெல்லாம் பெரும்பாலும் ஜனவரி நடுவில்.

அக்கா மகன் இங்கே பிளஸ் டூ. கல்லூரிக் கனவு என்று மேற்படிப்புக்கு வழிகாட்டும் அரசு நிகழ்ச்சிக்குப் போய் ஒரு புத்தகம் கொண்டுவந்தான். மாமா அதை அடிக்கோடு போட்டுப் படிக்கிறார், அவன் போனில் ரீல்ஸ் பார்க்கிறான்! எல்லா ஊரிலும் இதே கதைதான் போல.

போகிற இடத்தில் மாணவர் தங்கும் அறையோடு சமையலறையையும் பார்க்கச் சொல்லுங்கள். நாலைந்து பேருக்கு ஒரே அடுப்பு, ஃபிரிட்ஜில் ஆளுக்கு ஒரு அடுக்கு. ஞாயிற்றுக்கிழமைச் சமையலை இப்போதே அவளிடம் விட்டுவிடுங்கள், சாம்பார் தீய்ந்தாலும் நீங்கள் உள்ளே போகாதீர்கள்.

ரயிலுக்கு, 16, 17 வயதுக்காரர்களுக்குப் பாதி விலையில் டிக்கெட் தரும் ரயில்கார்டு ஒன்று உண்டு, அதை வாங்கிவிடுங்கள். உங்களுக்கு முழு விலைதான், ஒருவர் மட்டும் கூடப் போனால் போதும்.

அடுத்த வாரம் திரும்புகிறேன். தட்டுவடை எடுத்து வருகிறேன், சட்னியும் பீட்ரூட்டும் நீங்கள்தான் தயார் செய்ய வேண்டும்.